பழைய கேசட்டில் உள்ள குரலைக் கணினிக்கு மாற்றுவது எப்படி?

1980களிலும் 1990களிலும் குமரி மாவட்டத்தில் வளர்ந்த பலருக்கு, தாமே தொட்டு இயக்கக் கிடைத்த முதல் கருவி டேப் ரிக்கார்டர்தான். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட்டுகள், குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் சில வீட்டு அலமாரிகளில் இன்றும் கிடக்கக்கூடும். அன்று நமக்குத் தெரிந்தவை பொத்தான்கள் மட்டுமே. அந்தக் குரல்களைக் கணினிக்கு மாற்ற வேண்டுமானால், மூடிக்குள் இருப்பதையும் இப்போது தெரிந்துகொள்ள வேண்டும்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் இம்மாவட்டத்தில் நாடாவுக்கு முதற்பகை பூஞ்சை. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட மாதங்களில் இவ்வேலையை வைத்துக்கொள்வது நல்லது. நாடாச் சுருளின் மீது வெண்பொடி படிந்திருந்தால் அந்தக் கேசட்டை ஓட்டக் கூடாது. ஓட்டினால் பூஞ்சை, நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதனைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப்புகாத டப்பாவில் தனியே வையுங்கள். வெயிலில் காயவைப்பது கருவாட்டுக்குச் சரி. நாடாவோ வெப்பத்தில் நெளிந்துவிடும். நல்ல கேசட்டுகளின் முதுகில் உள்ள இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிட்டால், பதிவுப் பொத்தானைத் தவறி அழுத்தினாலும் பழைய குரல் அழியாது.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால், பழுப்பு நிறம் ஒட்டாத நிலை வரும்வரை ஹெட்டைத் துடையுங்கள். நாடாவை நகர்த்தும் ரப்பர் ரோலருக்கு ஈரத்துணி போதும்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஹெட்டின் பக்கத்திலுள்ள, அதன் கோணத்தை மாற்றும் சிறு திருகு. ஹெட் நிற்கும் கோணம் கருவிக்குக் கருவி சற்றே மாறுபடுவதால், துபாயில் வேறொரு கருவியில் பதிந்த குரல் நம் கருவியில் மங்கி, ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் தெளிவின்றிக் கேட்கும். திருகு இருந்த நிலையை மையால் குறித்துக்கொண்டு, நாடா ஓடும்போதே காந்தமற்ற திருப்புளியால் மிக மெதுவாகத் திருப்பினால், ஓரிடத்தில் அவ்வொலிகள் கூர்மையாகும், அங்கேயே நிறுத்துங்கள். இந்தத் தெளிவைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது என்பதால், பொறுமை முழுவதையும் இங்கே செலவிடலாம்.

ஒலிபெருக்கியின் முன் கைப்பேசியை வைத்துப் பதிய வேண்டாம். மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்துவிடும். இயர்போன் துளையிலிருந்து 3.5 மி.மீ. கேபிளை, லைன்-இன் (வெளிக் கருவியின் ஒலியை உள்வாங்கும் துளை) உள்ள, கணினியில் செருகும் யூ.எஸ்.பி. ஒலி அட்டையில் இணைத்து, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். அதில் ஒலியின் அளவைக் காட்டும் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதிருக்கட்டும். 60 நிமிடக் கேசட்டுக்கு ஏறத்தாழ 600 எம்.பி. இடம் தேவைப்படும்.

பேட்டரி தீரும் தறுவாயில் பதிந்த கேசட்டில், நாடா அன்று மெதுவாக ஓடியிருப்பதால், தாத்தாவின் குரல் இன்று சிறுவனின் குரலாகக் கேட்கும். ஆடாசிட்டியில் வேகத்தைக் குறைத்து இதைச் சரிசெய்யலாம். ஆனால் மூலப் பதிவைத் தொடாமல் நகலில் மட்டும் செய்யுங்கள். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அந்தக் குரலை நேரில் கேட்டவரே சொல்ல முடியுமாதலால், வீட்டில் மூத்தவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்வது உதவும். பேசுபவர் யார், எந்த ஆண்டு, எங்கிருந்து என்பதையும் அவரிடமே கேட்டுக் கோப்பின் பெயரில் சேர்த்துவிடலாம்.