"ஆகமத்தில் இருக்கிறது" என்று சொல்வதற்கு முன்

பெருமாள் கோயில் வழிபாட்டைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால், "ஆகமத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று, கோயில் வழிபாட்டு விதி நூலைக் காட்டி யாராவது ஒருவர் முடித்து வைப்பார். எந்த ஆகமம் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. முதல் தவறே இதுதான், மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வைணவத்தில் ஆகமம் என்று ஒரே ஒரு நூல் கிடையாது. வைகானசம், பாஞ்சராத்திரம் என்று இரண்டு மரபுகள். திருமலையிலும் திருவல்லிக்கேணியிலும் வைகானசம், ஸ்ரீரங்கத்திலும் காஞ்சி வரதர் கோயிலிலும் மேல்கோட்டையிலும் பாஞ்சராத்திரம். சரி, பாஞ்சராத்திரக் கோயில்களாவது ஒரே நூலைப் பின்பற்றுகின்றனவா? அதுவும் இல்லை. சம்ஹிதைகள் எனப்படும் தனித்தனி நூல்கள் உண்டு: ஸ்ரீரங்கத்துக்குப் பாரமேசுவர சம்ஹிதை, காஞ்சிக்குப் பாத்ம சம்ஹிதை, மேல்கோட்டைக்கு ஈசுவர சம்ஹிதை. பாத்மத்திலிருந்து ஒரு சுலோகத்தை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்தில் நடப்பது தப்பு என்று வாதாடினால், அந்த வாதம் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். ஒன்றோடொன்றைக் கலக்கக் கூடாது என்று ஆகமங்களே கண்டித்துச் சொல்கின்றன.

ராமானுஜர் எல்லாக் கோயில்களையும் பாஞ்சராத்திரத்துக்கு மாற்றிவிட்டார் என்பதும் அடிக்கடி காதில் விழும். ஸ்ரீரங்கத்தில் அவர் வைகானசத்துக்குப் பதிலாகப் பாஞ்சராத்திரத்தை ஏற்படுத்தியதாக அந்தக் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்கிறது. ஆனால் திருமலையில் இன்றைக்கும் வைகானசம்தான்.

அந்தத் திருமலையையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். உள்ளே ஐந்து திருமேனிகள், ஆகம மொழியில் 'பேரங்கள்'. அசையாமல் நிற்கும் மூலவர் துருவ பேரம். தினசரி அபிஷேகமும் இரவு ஏகாந்த சேவையும் பெறும் போக ஸ்ரீநிவாசர் கௌதுக பேரம். வீதி உலா வரும் மலையப்ப சுவாமி உற்சவ பேரம். கொலுவு ஸ்ரீநிவாசர் பலி பேரம், அதாவது படையலுக்குரியவர். உக்ர ஸ்ரீநிவாசர் ஸ்நபன பேரம், வருடத்துக்கு ஒரே முறை, கைசிக துவாதசி அன்று பொழுது விடிவதற்குள் வெளியே வந்து திரும்பிவிடுவார். ஏன் இத்தனை விக்கிரகங்கள், காணிக்கையாகச் சேர்ந்தவையா என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேலை பிரித்துக் கொடுத்திருப்பது ஆகமம். நூலைப் படித்துவிட்டு சந்நிதிக்குப் போனால் கண்ணுக்குத் தெரிவதே வேறு. எனக்கு இந்த நூல்கள் மீது இவ்வளவு பிடிப்பு வந்ததற்கும் அதுதான் காரணம்.

வைகானச அர்ச்சகர்களைப் பார்த்து, "உங்களுக்குத் தோளில் சங்கு சக்கரச் சூட்டு முத்திரை இல்லையே" என்று கேட்பது தவறு மட்டுமல்ல, மனதைப் புண்படுத்துவதும்கூட. கர்ப்ப காலத்தின் எட்டாம் மாதத்தில் அவர்கள் விஷ்ணுபலி என்ற சடங்கைச் செய்கிறார்கள். கருவிலேயே பெருமாள் முத்திரை இட்டுவிடுகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. தீட்சை பெற்றுத்தான் பூஜைக்கு வர வேண்டும் என்பது பாஞ்சராத்திர விதி, அதை இவர்கள் மேல் ஏற்றக் கூடாது.

ஞானம், யோகம், கிரியை, சரியை என்று நான்கு பாதங்களையும், அதாவது பகுதிகளையும், எல்லாச் சம்ஹிதைகளிலும் தேடாதீர்கள். பாத்மத்தில் நான்கும் உண்டு. பலவற்றில் கிரியையும் சரியையும்தான் பெரும்பகுதி.

காலம் சொல்வதில் இன்னும் கவனம் வேண்டும். நாரதர் கேட்டார், பகவான் சொன்னார் என்று நூல் தொடங்குவதை வைத்து வயதைக் கணக்கிட முடியாது. சாத்வதம், பௌஷ்கரம், ஜயாக்கியம் என்ற மூன்று பாஞ்சராத்திர சம்ஹிதைகளையும் மரபு ரத்தினங்கள் என்று போற்றுகிறது, பழமையானவை என்று ஆய்வாளர்களும் ஏற்கிறார்கள். அவற்றிலும் பிற்காலச் சேர்க்கை இருக்கலாம். 1931-ல் பரோடாவில் அச்சான ஜயாக்கிய சம்ஹிதையில், ஸ்ரீரங்கம் முதலான தலங்களைப் பெயர் சொல்லிப் பேசும் சுலோகங்கள் 'அதிக பாடம்' (கூடுதலாக உள்ள பகுதி) என்று தனியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. அச்சுப் புத்தகத்தின் முன்னுரையையும் அடிக்குறிப்பையும் தாண்டிக் குதிப்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அப்புறம், "சங்கரர் பாஞ்சராத்திரத்தை மறுத்தார்" என்று ஒரே வரியில் சொல்வது. பிரம்ம சூத்திரம் இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் பாதத்தின் கடைசி அதிகரணத்துக்கு (ஒரு பொருளை விவாதிக்கும் சூத்திரத் தொகுதிக்கு) அவர் எழுதிய பாஷ்யத்தைப் படித்துப் பாருங்கள். நாராயணனே பரமாத்மா என்பதில் தகராறு இல்லை, அபிகமனம் (பகவானை அணுகி வணங்குதல்) முதலாக அவனை ஒருமனதாக ஆராதிப்பதிலும் தகராறு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் ஆட்சேபத்துக்கே வருகிறார். வாசுதேவனிடமிருந்து சங்கர்ஷணன் என்னும் ஜீவன் பிறக்கிறான் என்ற கருத்துதான் அவர் ஆட்சேபத்தின் மையம். அதே சூத்திரங்களை ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் பாஞ்சராத்திரத்துக்கு ஆதரவாக முடிக்கிறார். அவருக்கு முன்பே வைணவ ஆசாரியர் ஆளவந்தார் ஆகமப் பிராமாண்யம் என்ற நூலை எழுதி இதற்காக வாதாடியிருந்தார். பின்னால் வேதாந்த தேசிகர் பாஞ்சராத்திர ரட்சை எழுதினார். அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என்ற ஐந்து கால வழிபாடு அதில் விரிவாக இருக்கிறது. பாஞ்சராத்திரத்துக்குள் இருக்கும் சித்தாந்தங்களை, அதாவது வழிபாட்டுப் பிரிவுகளை, ஒன்றோடொன்று கலக்கலாமா என்ற கேள்விக்கு அதன் முதல் அதிகாரத்திலேயே பதில் உண்டு.