வேலைக்குக் கில்ட் உடுத்துவோர் செய்யும் தவறுகள்

கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றி உடுத்தும், பின்புறம் கொசுவம் வைத்த, முழங்கால் அளவுப் பாவாடை. அது இன்று அங்கே பெரும்பாலும் திருமணங்களில்தான் கண்ணில் படுகிறது. ஆனால் அது மேட்டுநில மக்கள் மாடு ஓட்டவும் மழையில் நடக்கவும் உடுத்திய உடுப்பு. 1746-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டு, 1782-இல் அத்தடை நீங்கி, 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்த கோலாகலத்துக்குப் பிறகே அது விழாக்கோலம் பூண்டது. குடும்பப் பண்ணையில் மனைவி மக்களோடு வேலை செய்யும்போது அதை மீண்டும் உடுத்த விரும்புகிறவர்கள் செய்யும் தவறுகளில் பல, அந்த விழாக் கில்ட்டையே தொழுவத்துக்கும் அணிந்து செல்வதால் வருபவை.

விழாக் கில்ட்டுக்குச் சுமார் எட்டு கஜம் கம்பளித் துணி பிடிக்கும். நம் ஒன்பது கஜப் புடவைக்கு ஒரு கஜம்தான் குறைவு. அதில் பெரும்பகுதி பின்புறக் கொசுவத்தில் அடங்கியிருப்பதால், நனைந்துவிட்டால் இடுப்பில் ஈரச் சாக்கைக் கட்டியது போலாகிவிடும். வேலைக்கு நான்கைந்து கஜக் கில்ட்டோ, பை வைத்துத் தைத்த கெட்டிப் பருத்திக் கில்ட்டோ போதும். விலை குறைவு என்பதற்காகச் செயற்கை இழைத் துணியை வாங்கி வெல்டிங் பட்டறையில் நிற்பது ஆபத்து, ஏனெனில் பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பேன்ட்டின் இடுப்பளவைச் சொல்லிக் கில்ட் வாங்குவது அடுத்த தவறு. கில்ட் தொப்புள் உயரத்தில் இறுக வேண்டும், விளிம்பு முழங்காலின் நடுவில் நிற்க வேண்டும். கைலியைப் போல் இடுப்பெலும்பில் இறக்கிக் கட்டினால் விளிம்பு கெண்டைக்காலில் தட்டும். வேட்டியைப் போல் மடித்துக் கட்டவும் வழியில்லை.

ஊசி விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். முன்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மடல்கள் இருக்கின்றன. காற்றில் பறக்காமலிருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்து ஊசி குத்திவிடுகிறார்கள். பிறகு குழந்தையைத் தூக்கவோ ஆட்டின் குளம்பைப் பார்க்கவோ குந்தும்போது, ஒன்றின்மேல் ஒன்று நழுவ வேண்டிய மடல்கள் நழுவ முடியாமல், ஊசி குத்திய இடத்தில் துணி கிழிகிறது. ஊசி மேல்மடலின் வலது கீழ்மூலையில் மட்டும் இருக்க வேண்டும். அது மடலுக்குக் கனம் தருவதற்கே அன்றிப் பூட்டுவதற்கு அன்று.

உள்ளாடை அணியாமலிருப்பதே மரபு என்னும் வேடிக்கைப் பேச்சை நம்பி, கீழே பிள்ளைகள் நிற்க வைக்கோல் பரணுக்கு ஏணியில் ஏறுவது தகாது. உட்காரும்போதும் புறங்கையால் பின்கொசுவத்தைத் தடவி அடியில் ஒதுக்கி உட்கார வேண்டும்; இல்லையெனில் கொசுவம் கலைவதோடு, வெற்றுத்தொடையில் குளிர்ந்த கல் படும்.

எந்த விதிவிலக்கும் இல்லாத இடம் ஒன்று உண்டு. டிராக்டரின் பின்னால் கருவிகளை இயக்கும் தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 முறை, அதாவது வினாடிக்கு ஒன்பது முறை சுழலும். தொங்கும் கொசுவத்தை அது பற்றினால் ஆளை இழுத்துக்கொள்ளும். ‘நிறுத்து’ என்று கூச்சலிடக்கூட நேரம் இருக்காது. அந்த வேலைக்கு உடம்போடு ஒட்டிய முழுக்கால் உடுப்பே சரி.

கோடையில் பெரணிப் புதர் வழியே வெறுங்காலோடு நடந்தால் உண்ணி ஏறும். அது லைம் நோயைப் பரப்பக்கூடியது. ஆகவே நீளக் காலுறை அணிந்து, மாலையில் வீட்டார் ஒருவருக்கொருவர் முழங்கால் மடிப்பைப் பார்த்துவிடுவது நல்லது. காலுறையில் செருகும் சிறு கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக ஸ்காட்லாந்துச் சட்டம் ஏற்றாலும், பிள்ளையை அழைத்துவரப் பள்ளிக்குப் போகும்போது அதை வீட்டில் வைத்துவிடுவதே விவேகம்.

சேறு பட்டவுடன் துவைக்க ஓட வேண்டாம். காயவிட்டுத் தூரிகையால் தட்டினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். சலவை இயந்திரத்தில் போட்ட கம்பளிக் கில்ட் சுருங்கும், கொசுவமும் குலையும். அதை ஒவ்வொரு மடிப்பாக எடுத்து மீண்டும் இஸ்திரி போடுவது அரைநாள் வேலை, அந்த வேலையை மனைவியின் தலையில் கட்டுவதும் இந்தப் பட்டியலில் சேர வேண்டிய தவறுதான்.