ஆண்டுக்கு ஒரு சொல்: ஆசிரியர் தமக்கான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஆண்டு தொடங்கும்போது ஆசிரியர்களில் பலர் நீளமாக ஒரு தீர்மானப் பட்டியல் எழுதுகிறோம். விடைத்தாள்களை உடனுக்குடன் திருத்த வேண்டும், குரலை உயர்த்தக் கூடாது, கடைசி வரிசைப் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும், பாடக்குறிப்பை முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். முதல் தேர்வு வருவதற்குள் அந்தப் பட்டியல் எந்த நோட்டில் இருக்கிறது என்பதே மறந்துபோகிறது. அதில் எழுதியிருந்த எதுவும் தவறில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவர் பத்துத் தீர்மானங்களையும் சேர்த்து மனத்தில் சுமக்க முடியாது. ஒரு சொல் என்றால் சுமந்துவிடலாம்.

அந்த ஒற்றைச் சொல்லை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தபின் எப்படிப் புழங்குவது என்பதை, இதுவரை முயன்று பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஒரே மூச்சில் முடித்துவிடாமல், ஒரு வாரத்தில் மூன்று முறை இருபது நிமிடம் ஒதுக்குங்கள். சனவரியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. பள்ளி திறக்கும் நாள்தான் ஆசிரியருக்கு உண்மையான ஆண்டுப் பிறப்பு. அதற்கு முந்தைய வாரம் இதற்கு மிகவும் பொருந்தும்.

ஒரு பெரிய பொறுப்பைச் சிறிய சொல்லுக்குள் வைப்பது நம் மொழிக்குப் புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமைகளைச் சொன்னார். ஐயம் தீர்க்க வேண்டும், எந்தப் பக்கமும் சாயக் கூடாது என்ற இரண்டையும் 'நிறைகோல்' என்ற ஒரு சொல் தாங்கிக்கொள்கிறது. ஆசிரியராகத் தகாதவருக்கும் அவர் நான்கு உவமைகள் வைத்திருக்கிறார். அவற்றில் ஒன்று மடற்பனை. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. நெருங்கி ஏறிப் பறிக்க விடாது. நன்றாகப் பாடம் நடத்தியும் பிள்ளைகள் சந்தேகம் கேட்க அஞ்சுகிற ஆசிரியரை இதைவிடத் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது.

படி 1: பத்துத் தருணங்களை எழுதுங்கள்

பெரும்பாலானவர்கள் தொடங்கும்போதே அழகான சொற்களைத் தேடப் போய்விடுகிறார்கள். அங்கேதான் பிசகுகிறது. சொல்லுக்கு முன்னால் கடந்த ஆண்டுக்குப் போங்கள். உங்கள் நினைவில் தங்கிவிட்ட பத்துத் தருணங்களை எழுதுங்கள். சாதனைகள் வேண்டாம், மதிப்பெண் சதவீதம் வேண்டாம். ஒவ்வொரு தருணமும் ஒரு நிமிடத்துக்குள் நடந்து முடிந்ததாக இருக்கட்டும்.

"வகுப்பில் சரியாகக் கவனம் செலுத்தவில்லை" என்று எழுதினால் அதிலிருந்து எதுவும் கிடைக்காது. "பின்னக் கணக்கு நடத்திய அன்று ஒரு சிறுமி பாதிக் கையைத் தூக்கினாள், நான் பார்த்தேன், நேரமாகிவிட்டது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன்" என்று எழுதினால் அதற்குள் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. யார், எந்தப் பாடவேளை, நீங்கள் என்ன சொன்னீர்கள், உங்கள் உடல் எந்தப் பக்கம் திரும்பியது என்பது வரை எழுதுங்கள்.

மகிழ்ந்த தருணங்கள் ஐந்து, உறுத்துகிற தருணங்கள் ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். உறுத்துகிறவற்றுக்கு, 'எப்போதெல்லாம் நான் மடற்பனையாக நின்றேன்?' என்று கேட்டுப் பாருங்கள். மகிழ்ச்சிப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே நன்றாகச் செய்கிற ஒன்றை இன்னும் ஆழமாக்குகிற சொல்லும் நல்ல சொல்தான்.

இந்தப் படிக்கு ஒரு முழு மாலையைக் கொடுத்தாலும் தகும். மற்றவை எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

படி 2: திரும்பத் திரும்ப வருவதை அடிக்கோடிடுங்கள்

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்தை மறுபடி படியுங்கள். பத்தில் மூன்று நான்கு ஒரே சாயலில் இருக்கும். எல்லாவற்றிலும் அவசரப்பட்டிருப்பீர்கள், அல்லது பிள்ளை முடிப்பதற்குள் நீங்களே பதிலைச் சொல்லியிருப்பீர்கள், அல்லது யாரோ ஒருவரிடம் உதவி கேட்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். அந்தச் சாயலை ஒரு வரியில் எழுதுங்கள். இப்போதைக்கு அது போதும்.

படி 3: சொற்களைச் சேருங்கள், பிறகு ஏவலாக மாற்றுங்கள்

அந்த ஒரு வரிக்கு மருந்தாகக்கூடிய எட்டுப் பத்துச் சொற்களை எழுதுங்கள். முதலில் பொறுமை, அன்பு, தெளிவு, துணிவு என்று பண்புப் பெயர்கள்தான் வரும். வரட்டும். பிறகு ஒவ்வொன்றையும் கட்டளையாகத் திருப்பிப் பாருங்கள். பொறுமை 'பொறு' ஆகும். தெளிவு 'தெளிவாக்கு' ஆகும். துணிவு 'துணி' ஆகும். பண்புப் பெயர் எட்ட நின்று நம்மை மதிப்பிடும். ஏவல் அருகில் வந்து இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். 'நான் பொறுமைசாலியா?' என்று வகுப்பு நடுவே யோசித்துக்கொண்டிருக்க முடியாது. 'பொறு' என்றால் உடனே செய்துவிடலாம்.

இந்த இடத்தில் தமிழ் நமக்குத் தனியாக ஒரு பரிசு வைத்திருக்கிறது. நம் ஏவல்கள் பல, இரண்டு பொருளைச் சுமக்கின்றன. 'கேள்' என்ற சொல்லைப் பாருங்கள். வினவு என்பதும் அதுதான், செவிகொடு என்பதும் அதுதான். கேட்பதோடு நின்றுவிடாமல் பதிலையும் கேள் என்று ஒரே சொல் இரண்டு வேலையையும் கொடுக்கிறது. 'படி' என்றால் வாசி. படிக்கட்டின் படியும் அதுவே. பெரிய பாடத்தைச் சிறு சிறு படிகளாக உடைக்க வேண்டும் என்று உணர்ந்தவருக்கு அந்தச் சொல் மிகவும் பொருந்தும். 'விடு' என்பதில் கைவிடாமல் போகவிடுவது என்ற நுட்பம் இருக்கிறது. எல்லாவற்றையும் தாமே செய்து பழகியவருக்கு அது வேண்டியிருக்கும். பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தெரிந்த சொல் என்று நினைத்ததில் தெரியாத அறை ஒன்று திறக்கும்.

ஏவலாக மாறாத சொற்களும் சில உண்டு. 'இன்னும்' அப்படி ஒன்று. "இவனுக்கு வராது" என்று நினைக்கும் இடத்தில் "இவனுக்கு இன்னும் வரவில்லை" என்று நினைக்க வைக்கும். அப்படி உங்களுக்குள் ஏதாவது அசைத்தால் விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

படி 4: மூன்று கேள்விகளால் வடிகட்டுங்கள்

முதல் கேள்வி: இது என் கையில் இருக்கிறதா? 'தேர்ச்சி', 'வெற்றி' போன்றவை பிள்ளைகளையும் சூழலையும் சார்ந்தவை. அவை நடக்காதபோது அந்தச் சொல்லே உங்களைக் குத்தத் தொடங்கும். நான் முதல்முறை தேர்ந்தெடுத்த சொல் 'சிறப்பு'. அழகாக எழுதி மேசையில் ஒட்டினேன். ஒரு மாணவன் அருகில் வந்து "மூன்றாவது தடவையும் புரியவில்லை" என்று தலைகுனிந்து சொன்ன நாளில், அந்தச் சொல்லிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாவது: நாளின் கடைசிப் பாடவேளையில், களைத்துப்போன நிலையில், இதைச் செய்ய முடியுமா? காலையில் மட்டும் சாத்தியமாகிற சொல் ஓராண்டு தாங்காது.

மூன்றாவது கேள்வியை மிகவும் நேர்மையாகக் கேளுங்கள். இந்தச் சொல் யாருடைய நன்மைக்கு? ஏற்கெனவே அளவுக்கு மீறிய வேலையைச் சுமக்கிற ஆசிரியர் 'தாங்கு' என்றோ 'பொறுத்துக்கொள்' என்றோ சொல் எடுத்தால், மாற்ற வேண்டிய நிலைமையை அது மூடி மறைத்துவிடும். அவருக்கு வேண்டியது 'சொல்' அல்லது 'மறு' ஆக இருக்கலாம். அதே காரணத்தால், நிர்வாகம் ஒரு சொல்லை முடிவு செய்து எல்லா ஆசிரியர்களுக்கும் கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அவரவர் எழுதிய பத்துத் தருணங்களிலிருந்து பிறந்தால்தான் அது அவரவர் சொல்.

இரண்டு சொற்கள் மிஞ்சினால் ஒவ்வொன்றையும் மூன்று நாள் புழங்கிப் பாருங்கள். வகுப்பில் தானாக நினைவுக்கு வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சொல்லை ஒரு நொடியோடு கட்டுங்கள்

ஆண்டின் சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைச் செய்யாமல்தான் அதை மறந்துவிடுகிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத் தெளிவாக விளக்கினார். 'இதை அடைய வேண்டும்' என்று நினைப்பதோடு நிற்காமல், 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைத்தால், எண்ணம் செயலாக மாறும் வாய்ப்பு கூடுகிறது. அந்த நேரம் வரும்போது யோசிக்கத் தேவையில்லை, நேரமே நினைவூட்டிவிடுகிறது.

என் இரண்டாவது ஆண்டின் சொல் 'காத்திரு'. அதற்கு நான் போட்ட முடிச்சு: 'கேள்வி கேட்டு முடித்ததும், மனத்துக்குள் மூன்று எண்ணுவேன்.' இதற்குப் பின்னால் உறுதியான ஆய்வு இருக்கிறது. மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் வேறொருவரைக் கேட்டார்கள், அல்லது தாமே பேசத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியை மூன்று நொடியாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராத நேரங்கள் குறைந்தன, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசத் தொடங்கினார்கள். இன்னொரு இடைவெளியையும் அவர் கவனித்தார். பிள்ளை பதில் சொன்னபின் ஆசிரியர் 'சரி' என்று சொல்வதற்கு முன் உள்ள இடைவெளி அது. அங்கே சற்று நிறுத்தினால் பிள்ளை தன் பதிலைத் தானே வளர்த்துக்கொண்டு போகும்.

மூன்று நொடி என்பது வகுப்பில் நின்று பார்க்கும்போது மிக நீளமானது. முதல் வாரம் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அமைதி நிலவினால் கட்டுப்பாடு போய்விட்டதோ என்று தோன்றும். போகவில்லை. பிள்ளைகள் யோசிக்கிறார்கள். ஒருநாள், பல மாதங்களாக எதுவும் பேசாத ஒரு பையன், நான் மூன்று எண்ணி முடித்தபின் "அது ஏன் அப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டான். அவனுக்கு எப்போதும் தேவைப்பட்டது கூடுதலாக அந்த இரண்டு நொடிதான் என்று அன்று புரிந்தது. இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. அதற்கு முன்பு அவனை எத்தனை முறை தாண்டிப் போயிருப்பேன்.

உங்கள் சொல்லுக்கும் இப்படி ஒரு முடிச்சுப் போடுங்கள். 'கேள்' என்றால்: 'தவறான பதில் வந்தால், திருத்துவதற்கு முன் எப்படி யோசித்தாய் என்று கேட்பேன்.' 'படி' என்றால்: 'ஒருவருக்குப் புரியவில்லை என்றால், அதே விளக்கத்தைத் திரும்பச் சொல்லாமல் ஒரு படி கீழே இறங்குவேன்.' 'விடு' என்றால்: 'குழுவேலை தொடங்கியதும் ஐந்து நிமிடம் எந்தக் குழுவிலும் குறுக்கிட மாட்டேன்.' ஒரு சொல்லுக்கு ஒரு முடிச்சு. அது கைவந்தபின் இரண்டாவதைச் சேர்க்கலாம்.

படி 6: கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்

வருகைப் பதிவேட்டின் உள்பக்க அட்டை, பாடக்குறிப்பு நோட்டின் முதல் பக்கம், சாவிக்கொத்து. பாடம் தொடங்குவதற்கு முன் கண் போகிற எந்த இடமும் சரி. பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று கேட்கிறார்கள். முதல் சில வாரம் சொல்லாதீர்கள் என்பது என் கருத்து. உங்களுக்குள் வேர் பிடிக்கட்டும். பிறகு சொன்னால் அவர்களே உங்களுக்குக் காவலர்கள் ஆகிவிடுவார்கள்.

படி 7: வாரம் ஒரு வரி

வார இறுதியில் நோட்டில் ஒரே வரி எழுதுங்கள்: இந்த வாரம் சொல் எங்கே உதவியது, அல்லது எங்கே மறந்தது. நீளமாக எழுதத் தொடங்கினால் நான்காவது வாரம் நின்றுவிடும்.

ஒரு மாதத்தில் பழக்கம் ஆகவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாற நடுவளவாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பதும் அதில் தெரிந்தது. பள்ளி வேலைநாட்களை வைத்துக் கணக்கிட்டால், காலாண்டு போனபின்தான் சொல் உடம்போடு ஒட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டு கடந்தும் சொல் ஒட்டவே இல்லை என்றால், முதலில் முடிச்சை மாற்றிப் பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் சொல்லையே மாற்றிவிடலாம். அதில் குற்றவுணர்வுக்கு இடமில்லை. புது வகுப்பு வந்திருக்கலாம், வீட்டில் சூழல் மாறியிருக்கலாம். வேறு சொல் தேவைப்படுகிறது.

ஆண்டு முடிவில் அதே நோட்டை எடுத்து, முதல் பத்துத் தருணங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் புதிதாகப் பத்து எழுதுங்கள். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, பாதிக் கையைத் தூக்கிய அந்தச் சிறுமி போன்றவர்கள் இந்த முறை எந்தப் பக்கத்தில் எப்படி வருகிறார்கள் என்று தேடுங்கள். அடுத்த ஆண்டுக்கான படி 1 அத்துடன் முடிந்திருக்கும்.