பைபிளை மேசையில் வைக்க முதல் தராசைப் பாருங்கள்

தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை, பெக்டரியில் சுப்பவைசர், ஹட்டன் டவுனில் நாலு பேர் வேலை செய்கிற கடைக்கு முதலாளி, இப்படி ஏதாவது ஒரு பொறுப்பை இப்போதுதான் ஏற்றிருக்கிற கிறிஸ்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். பொறுப்பு கிடைத்ததும் முதலில் தோன்றுவது மேசையில் ஒரு பைபிள், சுவரில் வசனக் கலண்டர், காலையில் எல்லாரையும் நிறுத்தி ஒரு சின்ன ஜெபம். பைபிளும் கலண்டரும் இருக்கட்டும், ஜெபத்தைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். ஆனால் இலங்கை மலையகத்தில் உங்களுக்குக் கீழே நிற்பவர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள், கூடவே சிங்கள பௌத்தர்களும் முஸ்லிம்களும் இருப்பார்கள். அவர்கள் உங்கள் கலண்டரை வாசிக்கப் போவதில்லை. கொழுந்து நிறுக்கிற நேரத்தில் உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள்.

அதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1854இல் தோட்டத் தமிழர்களுக்கென்று தொடங்கிய மிஷனுக்கே தமிழ் கூலி மிஷன் என்றுதான் பெயர் வைத்தார்கள், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. பள்ளிக்கூடங்கள் வந்தன, எழுத்து வந்தது, அதையெல்லாம் மறுக்க முடியாது. ஆனாலும் துரையும் சர்ச்சும் ஒரே பக்கம் என்ற நினைப்பு எங்கேயோ ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆகவே ஒரு கிறிஸ்தவர் கையில் அதிகாரம் வரும்போது ஆட்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பார்கள்.

சரி, தராசிலிருந்து தொடங்குவோம். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 நேராகவே சொல்கிறது, அதற்கு வியாக்கியானம் எதுவும் தேவையில்லை. நிறுக்க முதல் தராசில் ஒன்றும் இல்லாமல் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று வரிசையில் முன்னால் நிற்கிற அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தராசின் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் அவர்கள் பக்கம் திருப்புங்கள். கிலோவை வாய்விட்டுச் சொல்லி, அவர் பார்க்கும்போதே எழுதுங்கள். சாக்குப் பாரம், ஈரம் என்று கழிக்கிறதெல்லாம் நியாயமானதுதான், மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் வரத்தான் செய்யும். ஆனால் எவ்வளவு கழிக்கிறோம் என்பதைக் காலையில் பிரட்டிலேயே (வேலைக்கு ஆள் பிரிக்கிற கூட்டத்திலேயே) எல்லாருக்கும் சொல்லுங்கள், வெயில் அடிக்கிற நாளில் ஈரத்துக்கென்று கழிக்காதீர்கள். சும்மா ஒரு கிலோதானே என்று தோன்றும். நோர்முக்கு (ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவுக்கு) ஒரு கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த ஒரு அம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

டவுனில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தராசு வேறு மாதிரி. கடைப் பையனுக்கு ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறீர்களா? ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் சட்டப்படி கட்ட வேண்டும்: அவருடைய சம்பளத்தில் 8 வீதம் கழித்து, உங்கள் பக்கத்திலிருந்து 12 வீதம் சேர்த்து, அதற்கு மேல் ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். சபைக்குத் தசமபாகம் 10 வீதத்தை ஒரு மாதமும் விடாமல் கொடுத்துவிட்டு இந்த 15 வீதத்தை மறந்துவிடுகிற முதலாளிமார் நம்மிடையே இருக்கிறார்கள். வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று மத்தேயு 23இல் இயேசு திட்டுவது வேறு யாரையோ என்று நினைத்து வாசிக்கிறோம். சம்பளம் 10ஆம் திகதி என்று சொல்லியிருந்தால் 10ஆம் திகதி கொடுங்கள், முடியாது என்றால் 8ஆம் திகதியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். 11ஆம் திகதி காரணம் சொல்வதால் அவர்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை, அதற்குள் கடன் வாங்கியிருப்பார்கள்.

அப்புறம் குளவி. மலையில் ஆள் நடத்துகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது, குளவி கொட்டி ஆட்கள் செத்துப்போயிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மரத்தில் கூடு இருக்கிறது என்று ஒருத்தர் சொன்னால், அவர் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறார் என்று முடிவுகட்டாமல் முதலில் நீங்கள் தூர நின்று பாருங்கள், கூடு இருந்தால் அந்தப் பக்கத்து நிரைகளை விட்டுவிட்டு ஆட்களை வேறு இடத்தில் போடுங்கள். இடம் மாறியதால் கிலோ குறைந்தால் அன்றைய பேரை முழுப்பேராகப் போட்டுக் கொடுக்க மேலே பேசுங்கள். கொட்ட ஆரம்பித்துவிட்டால் யார் எங்கே ஓட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு எந்த வாகனம், எந்த நம்பருக்குக் கோல் எடுப்பது, இதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டிய விஷயங்கள். யோவான் 10இல் ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடுகிற கூலியாள் வருகிறான் அல்லவா, நம்ம மலையில் ஓநாய் இல்லை, அவ்வளவுதான். எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று தலையை எண்ணுகிற ஆள் நீங்கள்தான்.

பேச்சைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் அம்மா வயதில் இருக்கிறவரை ‘ஏய், வா இங்க’ என்று கூப்பிடாதீர்கள். அக்கா, அண்ணே, பெரியம்மா, எத்தனையோ முறை இருக்கிறது.

தப்பு செய்தவரைத் திருத்துவது எப்படி? மத்தேயு 18:15 சொல்கிற வழி, முதலில் தனியாகப் போய்ப் பேசுவது. நம்ம வழக்கமோ பிரட்டில் நூறு பேருக்கு முன்னால் நிறுத்தி மானத்தை வாங்குவது. அதை விட்டாலே பாதி வேலை முடிந்தது. தனியாகக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று முதலில் அவரைச் சொல்ல விடுங்கள், பிள்ளைக்குச் சுகமில்லாமல் ராத்திரி முழுக்க முழித்திருந்த ஆளாக இருக்கலாம். கேட்கவில்லை என்றால் அடுத்த படி இன்னும் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பேசுவது, தொழிற்சங்கத் தலைவரோ மாதர் சங்கத் தலைவியோ இருந்தால் நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் ஒருவன் கை வைத்தான், அசிங்கமாகப் பேசினான் என்று புகார் வந்தால், ‘மன்னிச்சு விடும்மா, நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சமாதானம் பேசி அனுப்புவது கிறிஸ்தவ மன்னிப்பு ஆகாது. மன்னிக்கிறதா இல்லையா என்பது அவளுடைய பாடு, உங்களுடையது அவளைக் காப்பாற்றுவது. பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். எழுத்தில் எடுங்கள், அவனை வேறு இடத்தில் போடுங்கள், அவளை மாற்றாதீர்கள். பொலிசுக்குப் போக விரும்பினால் கூட ஒரு பெண்ணை அனுப்பி வையுங்கள். அவன் உங்கள் சபையில் கிட்டார் வாசிக்கிறவனாக இருந்தாலும் இதேதான்.

சபை என்றதும் ஞாபகம் வருகிறது, நீங்கள் பொறுப்புக்கு வந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடிக்கிற இடத்தில் ‘பிரதர், மகனுக்கு ஒரு வேலை’ ஆரம்பித்துவிடும். தகுதி இருந்தால் மற்றவர்களோடு வரிசையில் வரட்டும். ஓவர்டைம், லேசான வேலை, லீவு, இதில் எதிலும் நம்ம சபை ஆள் என்ற கணக்கு வரக்கூடாது, நம்ம சாதி ஆள் என்ற கணக்கு அதைவிட வரக்கூடாது (ஞானஸ்நானம் எடுத்த பிறகும் அது போகாத வீடுகள் உண்டு, எல்லாருக்கும் தெரியும்). கோயில் திருவிழாவுக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், தீபாவளி அட்வான்ஸ் தாமதமாகாமல் பாருங்கள். காலை ஜெபத்தை நீங்கள் தனியாக, ஆட்கள் வர முதல் முடித்துக்கொள்ளுங்கள். பொறுப்பில் இருக்கிறவர் ‘விருப்பமானவர்கள் மட்டும் நில்லுங்கள்’ என்றால் எல்லாரும்தான் நிற்பார்கள், பேர் போடுகிறவர் நீங்கள் என்பதால்.

கடைசியாக, மேலே இருந்து வருகிற கஷ்டம். செக்ரோலில் (ஆட்களின் வேலையையும் சம்பளத்தையும் பதிகிற புத்தகத்தில்) இவ்வளவுதான் காட்ட வேண்டும், இன்றைக்கு இவ்வளவு கிலோ கழி என்று சொல்வார்கள், பெரும்பாலும் வாயால்தான் சொல்வார்கள். சண்டை போடாமல், ‘சரி சேர், ஒரு மெசேஜ் போட்டுவிடுங்க, நான் அப்படியே செய்கிறேன் என்று ரெக்கோட் இருக்கணும்’ என்று கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல உத்தரவுகள் தாமாகவே காணாமல் போய்விடும். எழுத்திலேயே வந்துவிட்டால் அதன் கீழேயே மரியாதையாக, இது சரியில்லை, நான் செய்ய மாட்டேன், அதற்குப் பதிலாக இப்படிச் செய்யலாம் என்று பதில் போடுங்கள். கொழுந்தின் தரம் குறைகிறது என்பது அவர்களுடைய பிரச்சினை என்றால் தரத்தைச் சரிசெய்ய ஒரு வழியைக் கொண்டு போங்கள், வெறும் முடியாது என்பதைவிட அது எடுபடும். இதற்காக வேறு டிவிசனுக்கு மாற்றலாம், பதவி உயர்வு தள்ளிப் போகலாம், வீட்டில் மனைவியிடமோ கணவரிடமோ முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நியமனக் கடிதத்திலும் அந்த மெசேஜ்களிலும் ஒவ்வொரு கொப்பி வீட்டில் இருக்கட்டும், ஆபிஸ் அலுமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.