சொல்லித்தரும் முன் உங்கள் உடம்பில் பழகுங்கள்

"மூச்சை மெதுவா விடுங்க, உடம்பைத் தளர்த்துங்க" என்று வலி நோயாளியிடம் சொல்ல அரை நிமிடம் போதும். மறுவாரம் அவர் வந்து, "தலை சுத்துது டாக்டர், விரலெல்லாம் மரத்துப்போகுது" என்றால்? அந்த மரமரப்பு உங்கள் விரலில் வந்து போயிருந்தால்தான் காரணம் சட்டென்று பிடிபடும். எனவே நோயாளிக்குச் சொல்லித்தரும் முன், இந்தத் தளர்வுப் பயிற்சிகளை நான்கு வாரமாவது, தினமும் 15 நிமிடம் நீங்களே செய்து பாருங்கள்.

மூச்சில் தொடங்குங்கள். ஒரு கை மார்பில், மற்றது தொப்புளுக்குச் சற்று மேலே. மூக்கால் 4 நொடி இழுத்து 6 நொடி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். கீழ்க்கை எழ வேண்டும். மேல்கை அதிகம் அசையக் கூடாது. பலர் 'மெதுவாக' என்பதை 'நிறைய' என்று எடுத்துக்கொள்கிறார்கள். காற்றை அள்ளி அள்ளி ஊதினால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. தலைசுற்றலும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஊசி குத்துவதும் அதனால்தான். வழக்கமான மூச்சுக்குத் திரும்பினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும். பிறகு 3 நொடி இழுத்து 4 நொடி விடுவதிலிருந்து தொடங்கலாம்.

அடுத்தது, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வு முறை. இன்று பரவலாகச் சொல்லித்தரப்படும் சுருக்கமான வடிவில், ஒரு தசையை 5 நொடி இறுக்கி 20 நொடி விட வேண்டும். பாதி பலம் போதும். பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி இறுக்கினால் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் கால்விரல்களை முழங்கால் பக்கம் இழுங்கள். வலிக்கும் இடத்தை இறுக்கவே வேண்டாம், தளர்த்துவது மட்டும் போதும்.

உடல் முழுவதும் கவனத்தை நகர்த்தும் பயிற்சிதான் சிலருக்குச் சிக்கலானது. கண்ணை மூடிய சில நிமிடங்களில் படபடப்பு கூடலாம், வலி பெரிதாகத் தெரியலாம். பழைய மன அதிர்ச்சி உள்ளவர்களுக்கு இது மிகவும் முக்கியம்: கண் திறந்தே இருக்கட்டும், கவனம் உள்ளங்காலிலோ அறையில் கேட்கும் ஒலியிலோ நிற்கட்டும், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

மூன்றாவது வாரத்தில் உங்கள் வழிகாட்டுதலைப் போனில் பதிவு செய்து, மறுநாள் படுத்துக்கொண்டு அதன்படி செய்யுங்கள். "இப்போது தோள்..." என்று சொல்லி முடித்ததுமே இடுப்புக்குத் தாவியிருப்பீர்கள், தோள் இன்னும் தளர்ந்திருக்காது. எங்கே இடைவெளி விட வேண்டும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைவலி உள்ள நாளிலும், புறநோயாளிப் பிரிவில் அலுத்துப்போன மாலையிலும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். நோயாளி செய்யப்போவது அப்படிப்பட்ட நேரத்தில்தான். அப்போதும் உங்கள் ஒரு நாள் தலைவலியும் அவருடைய பத்து வருட வலியும் ஒன்றல்ல. "எனக்குப் பலன் தந்தது" என்பதை அவருக்கு உத்தரவாதமாகத் தராதீர்கள்.

"அப்போ வலி என் மனசுலதான்னு சொல்றீங்களா?" என்ற கேள்வி அநேகமாக வரும். வலி நிஜம், நரம்பு மண்டலத்தின் பதற்றத்தைத் தணிக்கவே இந்தப் பயிற்சி, உங்கள் மற்ற சிகிச்சையும் தொடரும் என்று நேராகச் சொல்லுங்கள். முதல் சந்திப்பில் மூச்சு மட்டும், 3 நிமிடம், நீங்களும் கூடவே செய்யுங்கள். அவர் தோள் காதை நோக்கி ஏறினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூச்சை விடுவதில் மட்டும் கவனம் வைக்கச் சொல்லுங்கள்.