அபர்டீனில் வானம் வெளுத்தால் கிளம்பிவிடுங்கள்

ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு வந்து சேரும் நம்மவர்களில் பெரும்பாலோர் படிக்க வந்தவர்கள். இல்லையென்றால் எண்ணெய்த் தொழிலுக்கு வந்தவர்கள். முதல் மாதத்தில் இரு தரப்பிலும் ஒரே புலம்பல்தான்: "எங்கே திரும்பினாலும் சாம்பல் நிறம்!" நகரத்தையே கிரானைட் கல்லால் கட்டி வைத்திருக்கிறார்கள், வேறு எப்படி இருக்கும்? ஆனால் மழை விட்டு வெயில் விழுந்ததும் பிராட் ஸ்ட்ரீட்டுக்குப் போய் மார்ஷல் கல்லூரியின் முகப்பைப் பாருங்கள். கல்லுக்குள் இருக்கும் மைக்காத் துகள்கள் மினுமினுக்கும். மாநகராட்சி அலுவலகம் இப்போது அந்தக் கட்டடத்தில்தான் இயங்குகிறது. ஏதாவது ஒரு வேலையாக எப்படியும் அங்கே போவீர்கள்.

இந்த ஊரில் கிழமை பார்த்துத் திட்டம் போடுவது வீண். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று ஒத்திப்போட்டால் அன்றைக்குத்தான் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். வானம் வெளுத்தால் அன்றே கிளம்புங்கள். டிசம்பரில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். குடையை நம்பாதீர்கள், காற்று ஒரே வாரத்தில் கம்பியை முறித்துவிடும். தலைமூடியுள்ள மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பேருந்துப் பயணம் இலவசம். அதற்கான அட்டைக்கு வந்தவுடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் டோரி பேட்டரியைத்தான் சொல்வேன். துறைமுக வாயிலின் தென்கரையில், மேட்டின்மேல் நிற்கும் பழைய பீரங்கிக் கோட்டை அது. கீழே வாய்க்கால் வழியாகக் கப்பல்கள் நுழையும் இடத்திலேயே டால்பின்கள் மேயும். படகு வேண்டாம், டிக்கெட் வேண்டாம்; கரையில் நின்றபடியே பார்க்கலாம். கப்பலை விட்டுவிட்டு நீரின் மேற்பரப்பைக் கவனியுங்கள். முதலில் கடற்பறவைகள் ஓரிடத்தில் கூடும். பிறகு ஒரு கரும் முதுகு வளைந்து எழுந்து மறையும். அதைத் தொடர்ந்து இரண்டு, மூன்று என்று எழும். வசந்தமும் கோடையும் நல்ல பருவம். இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கி கொண்டுபோங்கள்.

காலையில் போவதென்றால் வழியில் பேக்கரியில் பட்டரி கிடைக்கும். தட்டையான, உப்புச் சுவை தூக்கலான, அடுக்கடுக்காகப் பிரியும் ரொட்டி. சூடாக இருந்தால் நம் பரோட்டாவின் தூரத்து உறவு போலத் தோன்றும். ஆனால் அதில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். சைவர்களும் முஸ்லிம்களும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாய்க்காலின் எதிர்க்கரையில் ஃபிட்டி என்ற சிறு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. வரைபடத்தில் ஃபுட்டீ என்று போட்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டுக் கட்டிய வீடுகள் இவை. காற்றுக்கு அஞ்சி எல்லாமே கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. இன்றும் மக்கள் வாழும் வீடுகள் அவை. ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

ஷிப்ரோவில் உள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. மர்ச்சிசன் எண்ணெய் மேடையின் எட்டரை மீட்டர் உயர மாதிரி ஒன்று அங்கே நிற்கிறது. மாடி ஏற ஏற, கடலடிக் கால்களிலிருந்து உச்சி வரை பார்த்துக்கொண்டே போகலாம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் முதலில் இங்கே கூட்டிப்போங்கள். மகனோ மகளோ வாரக்கணக்கில் கடல் நடுவே என்னதான் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. 1988 ஜூலையில் 167 பேரைப் பலிகொண்ட பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை விபத்தையும் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். அதன் நினைவுச்சின்னம் ஹேஸில்ஹெட் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தில் இருக்கிறது.

பழைய அபர்டீனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் தினமும் நடக்கிற இடம்தான். 1495இல் தொடங்கிய கிங்ஸ் கல்லூரியிலிருந்து சீட்டன் பூங்கா வழியாக பால்கவுனி பாலம் வரை ஒரு மாலை நடந்தால் போதும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் மூச்சு முட்டினால் டதி பூங்காவின் கண்ணாடி மாளிகைக்குப் போங்கள். வெளியே உறைபனி இருந்தாலும் உள்ளே கள்ளியும் வெப்பநாட்டுச் செடிகளும் செழித்திருக்கும். இதற்கும் கட்டணம் இல்லை.

ஊருக்கு வெளியே என்றால் டனாட்டர் கோட்டை. ஸ்டோன்ஹேவன் வரை ரயிலில் அரை மணிகூட ஆகாது. அங்கிருந்து கடலோரப் பாதையில் ஏறி நடக்க வேண்டும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த பாறைமேல் இடிந்த கோட்டை நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கிராம்வெல்லின் படை முற்றுகையிட்டபோது ஸ்காட்லாந்தின் மணிமுடியை இங்கிருந்து கடத்திப்போய், கின்னெஃப் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்துக் காப்பாற்றினார்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு, செங்குத்தான படிகளும் ஏராளம். முட்டிவலி உள்ளவர்கள் மேட்டிலிருந்தே பார்க்கலாம். உண்மையில் அழகான காட்சி அங்கிருந்துதான். பலத்த காற்றடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்பதால் கிளம்புமுன் சரிபாருங்கள்.

மலையகத்துக்காரர்களுக்கு இன்னொரு இடம். இலங்கையின் லூல்கந்துரையில் 1867இல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர், ஸ்டோன்ஹேவனுக்குத் தென்மேற்கே உள்ள ஆக்கன்பிளே கிராமத்துப் பக்கம் பிறந்தவர். நம் பாட்டன் பாட்டிமார் கொழுந்து பறிக்கப்போன கதை ஒரு வகையில் இந்த வயல்வெளியிலிருந்து தொடங்குகிறது. போவதென்றால் கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவரைப் பிடித்து, டனாட்டரையும் சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடுங்கள்.