இரும்பு பம்பர்: இறக்கி வைத்தது ஏன் திரும்ப ஏறவில்லை?

சென்ற வாரம் பட்டறைக்கு ஒரு பையன் வந்தான். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குள் தேங்காய் ஏற்றும் பழைய பிக்கப் ஒன்றுக்குத் தானே முன் பம்பர் செய்திருக்கிறான். வேலையில் குறை சொல்ல முடியாது. பற்றுகள், அதாவது வெல்டிங் கோடுகள், மீன் செதில்போல் வரிசையாகப் படிந்திருந்தன. ஆனால் பம்பர் வண்டியில் ஏற மறுத்தது. சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின் இரண்டு நுனிகளிலும் பம்பரைத் தாங்கும் தகடுகளைக் காது என்போம். இடது காதில் போல்ட் நுழைந்தால் வலது காதில் நுழையவில்லை. "அளவு சரியாகத்தான் எடுத்தேன் அண்ணே" என்றான். எடுத்திருப்பான். 18 ஆண்டுகளுக்கு முன் நானும் சரியாகத்தான் எடுத்தேன்.

கண்ணாடி போடாமல் கிரைண்டர் பிடிக்காதீர்கள் என்பது போன்ற புத்திமதிகளை இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கு வந்திருக்கவே கூடாது.

எந்த வண்டிக்கு?

ஊர்ச் சாலையில் ஓடும் வண்டி என்றால் நான் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுகிறேன். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் காப்புகள் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று சொல்லி, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. சட்டம் கிடக்கட்டும், காரணத்தைப் பாருங்கள். மோதும்போது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டிய முன்பகுதி நசுங்காது. அந்த அடி உள்ளே இருப்பவர் மேலும் எதிரே நடந்து வருகிறவர் மேலும் இறங்கும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் பிசகும். தோப்பு, எஸ்டேட், குவாரி என்று வேலிக்குள்ளேயே காலம் தள்ளும் பழைய வண்டிகளுக்கு மட்டும்தான் நான் பம்பர் செய்கிறேன்.

இறக்கி வைத்து ஒரே மூச்சில் பற்றவைப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

புதிதாகச் செய்பவர் காதுகளை வண்டியில் மாட்டி, பம்பரை ஜாக்கியில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து டேக் அடிப்பார், அதாவது அங்கங்கே பொட்டுபோல் பற்றவைத்து நிறுத்துவார். அதுவரை எல்லாம் முறைப்படிதான். பிறகு அதை இறக்கித் தரையில் கவிழ்த்துவைத்து, இடது காதின் உட்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒரே பற்றாக இழுத்துவிட்டு, வலது காதுக்குப் போவார்.

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். பற்று எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தகட்டை இழுக்கும். ஒரு மீட்டர் இரும்பு 100 டிகிரி சூடேறினாலே ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் நீளும். பற்றும் இடத்திலோ இரும்பே உருகுகிறது. நுனியில் ஒரு டேக் பிடித்துக்கொள்ளும் என்று நம்புவது நூலால் மாட்டைக் கட்டுவதற்குச் சமம்.

எனக்கு நடந்ததும் இதுதான். 8 மில்லிமீட்டர் கனத்தில் காது போட்டிருந்தேன். இவ்வளவு கனமான தகடு எங்கே வளையப்போகிறது என்ற தெனாவட்டு. மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டு காதுகளும் கும்பிடுவதுபோல் உள்பக்கம் சாய்ந்திருந்தன. நுனிக்கு நுனி அளந்தால் 6 மில்லிமீட்டர் குறைவு. சம்மட்டியால் அடித்துப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு செய்ததுதான் மன்னிக்க முடியாதது: துளைகளை கிரைண்டரால் நீளமாக அறுத்துப் பெரிதாக்கி, பெரிய வாஷர் போட்டு மறைத்து, போல்ட்டை முறுக்கிக் கொடுத்துவிட்டேன். வண்டிக்காரர் மகிழ்ச்சியாகத்தான் போனார்.

நீண்ட துளையில் போல்ட்டுக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை; முறுக்கின் பிடிமானம் மட்டும்தான். வரப்பிலும் வாய்க்காலிலும் குலுங்கிக் குலுங்கி அந்தப் பிடிமானம் விட்டுப்போனது. ஒன்றரை மாதத்தில் பம்பர் வலப்பக்கம் தொங்கி, மேல்விளிம்பு ஹெட்லைட்டில் உரசி, கண்ணாடி உடைந்தது. ஹெட்லைட் என் செலவு. நான்கு நாள் வேலை வீண். பம்பர் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போனது. அதைவிட, அந்த மனிதர் ஒரு வார்த்தையும் பேசாமல் வாஷரை விரலால் நகர்த்திப் பார்த்தாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இப்போது நான் செய்யும் முறை இது. காதுகளை சேசிஸில் எல்லா போல்ட்டும் போட்டு முழுதாக முறுக்குவேன். டேக் அடித்தபின், இறக்குவதற்கு முன், இரண்டு காதுகளுக்கும் குறுக்கே ஒரு 50 மில்லிமீட்டர் ஆங்கிளை (L வடிவ இரும்பை) தற்காலிகமாகப் பற்றவைப்பேன். அளவுகளைச் சாக்பீஸால் பம்பரிலேயே எழுதிவைப்பேன். இறக்கியபின் ஒரு விரல் நீளம் இடது காதில், ஒரு விரல் நீளம் வலது காதில், பிறகு எதிர்ப்பக்கம் என்று தாண்டித் தாண்டித்தான் பற்று. கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போவேன். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. தானாக முழுவதும் ஆறிய பிறகே ஆங்கிளை வெட்டுவேன். போல்ட் விரலால் திருகும்போதே ஏற வேண்டும். சம்மட்டியைத் தேடினால், வேலை எங்கோ கெட்டிருக்கிறது.

வண்டியில் வைத்து டேக் அடிக்கும்போது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பைப் பற்றவைக்கும் துண்டிலேயே மாட்டுங்கள்.

பாடியை ஒட்டிச் செய்வது

பம்பர் சேசிஸில் நிற்கிறது. கேபினோ ரப்பர் மேல் உட்கார்ந்து ஆடுகிறது. இரண்டும் ஒன்றாக அசையாது. நிற்கும் வண்டியில் கச்சிதமாகப் பொருந்தும் பம்பர், முதல் பள்ளத்திலேயே பெயின்ட்டைச் சுரண்டிவிடும். 20 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறேன். பார்க்க ஓட்டையாக இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும்.

கனமே பலம் என்ற நினைப்பு

5 மில்லிமீட்டர் தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோ. 3 மில்லிமீட்டர் 23.5 கிலோ. வித்தியாசத்தை முன் ஸ்பிரிங்குதான் சுமக்கிறது. காதுக்குக் கனம் கொடுங்கள். பம்பரின் முகப்புக்கு 3 மில்லிமீட்டர் தகட்டை மடித்துப் போட்டால் போதும்.

மூடிய பெட்டி

பம்பரை எல்லாப் பக்கமும் மூடிய பெட்டியாகச் செய்தால் அடியில் துளை விடுங்கள். தண்ணீர் எப்படியும் உள்ளே போகும்.

கால்வனைஸ்டு பைப்

வேண்டாம். பற்றவைக்கும்போது அதன் பூச்சிலிருந்து வரும் துத்தநாகப் புகையை இழுத்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். கறுப்பு பைப் வாங்குங்கள்.

அழகுக்காகப் பற்றைத் தேய்ப்பது

முகப்பில் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளலாம். காதில் தேய்க்கவே கூடாது. நீங்கள் சீவி எறிவதுதான் பம்பரைத் தாங்கும் இரும்பு.

அந்தப் பையனின் பம்பரை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வந்தபோதே கையில் கிரைண்டரை எடுத்து, "துளையை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டால் ஏறிவிடும் அண்ணே" என்றான். கிரைண்டரை வாங்கி, வலது காதின் பற்றில் வைத்தேன். காது கழன்று வர நான்கு கட்டிங் வீல் தேய்ந்தது. அவ்வளவு நன்றாகப் பற்றவைத்திருந்தான்.